தகரத்தில் எழுத்து வெட்டச் சொன்ன தங்கை

எங்கள் தங்கை மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களுக்கும், அவளிடம் படித்த பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் என் வணக்கம். மறைந்தவர்களை ‘அவர்’ என்று எழுதுவதுதான் முறை என்றார்கள். இடுப்பில் தூக்கி வளர்த்த பெண்ணை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘அவள்’ என்றே சொல்கிறேன். மரியாதைக் குறைவென்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிறந்தது வேப்பம்பட்டில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றேன். பாடியில் ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிப் பெருக்கப் போனவன், அங்கேயே லேத் பிடிக்கக் கற்று, அம்பத்தூரில் சொந்தப் பட்டறை போட்டேன். யார் சிபாரிசும் கிடையாது. இதை நானே சொன்னால்தான் உண்டு. பெற்றவர்கள் போன பிறகு தங்கையை என்னோடு அழைத்து வந்து எஸ்.எஸ்.எல்.சி.யும், அதற்கு மேல் வாத்தியார் டிரெயினிங்கும் படிக்க வைத்தேன். எங்கள் வகையறாவில் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஏறி, பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான்.

அப்போது என் மூத்த மகன் நான்காம் வகுப்பு. தமிழ்ப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொல்வான். பட்டறை ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கச் சொல்வேன். ஒரு நாள் தங்கை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வரியின் நடுவில் விரலை வைத்தாள்.

“இத மட்டும் சொல்லு கண்ணு.”

அவனுக்குத் தெரியவில்லை. கடைசிச் சொல்லிலிருந்து பின்பக்கமாகப் படிக்கச் சொன்னாள். ஒன்றும் வரவில்லை. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் படிப்பதைக் காதால் கேட்டே புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

“அண்ணே, இவனுக்கு மூளை நம்ம ரெண்டு பேருக்கும் மேல கீது. எழுத்துதான் கண்ணுல நிக்கமாட்டேங்குது.”

இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு என்று பின்னால் சொன்னாள். என் நாக்கில் அது புரளவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அதற்கு ‘மக்கு’ என்றுதான் பெயர். முழுப்பரீட்சையிலும் இப்படியே இருந்தால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார்.

தங்கை என்னைத் தகரத்தில் எழுத்து வெட்டச் சொன்னாள். எழுத்து தனி, கொம்பு தனி, கால் தனி. ஓரம் கூராக இருக்கக் கூடாது என்று திருப்பித் திருப்பி அரம் போட வைத்தாள். பையன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, வாயால் சொல்லி, பிறகு மணலில் எழுதவேண்டும். படிக்கும்போது ஒரு சொல் மட்டும் தெரிகிற மாதிரி நடுவில் ஓட்டை போட்ட அட்டையைத் தாளின் மேல் நகர்த்துவாள். அவளுக்கு அந்த முதல் செட் எழுத்தை வெட்டிக் கொடுத்தவன் நான்தான்.

அந்தச் சமயத்தில் நசரத்பேட்டையிலிருந்து தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். என் வாய் சும்மா இருக்குமா? “என் தங்கச்சிகிட்ட படிக்கிற புள்ளைங்க இவன், பேப்பரே படிப்பான்!” என்று அன்றைய பேப்பரை மகன் கையில் கொடுத்தேன். காபித் தட்டோடு நின்ற தங்கை வேண்டாம் என்று தலையாட்டியதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பையன் பேப்பரைப் பிரித்தான். என்னைப் பார்த்தான். பிறகு பேப்பரையே பார்த்துக்கொண்டு, பசு பால் தரும், பசு புல் தின்னும் என்று பாடத்தைச் சொல்ல ஆரம்பித்தான்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எட்டிப் பார்த்தார். “இன்னா நைனா, பேப்பர்ல மாடு எங்க கீது? அவுத்துகினு பூட்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை ஓங்கிவிட்டேன். தங்கை தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“கைய எறக்கு அண்ணே. அவனுக்கு இன்னும் பேப்பர் வரல. என்னக் கேக்காம குடுத்தது நீ.”

அதோடு விடவில்லை. பட்டுப் புடவையோடு தரையில் உட்கார்ந்து, தலைப்புச் செய்தியின் மேல் அட்டையை வைத்தாள். வந்தவர்கள் உட்கார்ந்திருக்க, காபி ஆறிப்போக, பையன் ஒவ்வொரு சொல்லாக முழுத் தலைப்பையும் படித்தான். “பொண்ணுக்கு வாய் நீளம்” என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள்.

எனக்கு ஆத்திரம். “திங்கக்கெழமலருந்து இவன் பட்டறைக்கு வர்றான். இவனாலதான் உன் கல்யாணம் கெட்டுச்சி” என்றேன்.

“லேத்துல எப்ப வேணா நிக்க வெக்கலாம். இப்ப நிறுத்துனா தான் மக்குன்னே சாவுற வரைக்கும் நெனச்சிகினு இருப்பான். முழுப்பரீட்ச வரைக்கும் டயம் குடு. அதுக்குள்ள எனக்கு மாப்ள கீப்ள பாக்காத.”

கொடுத்தேன். என் பட்டறையில் என் பேச்சை மீறி ஒருவர் நின்றதில்லை. என் வீட்டில் நின்றவள் அவள் ஒருத்திதான்.

எழுந்து போன அந்த மாப்பிள்ளையின் அம்மா சில நாள் கழித்துத் தனியாக பஸ் பிடித்து வந்தார். மகள் வயிற்றுப் பேரன் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “இவனும் உங்க புள்ள மாதிரிதாம்மா” என்றார். வேண்டாம் என்று போனவர்கள் எந்த முகத்தோடு வருகிறார்கள் என்று நான் குதித்தேன். “அந்தப் புள்ள இன்னா பண்ணுச்சி? நீ போய் வேலையப் பாரு” என்று என்னிடம் சொல்லிவிட்டு, தங்கை அவனைப் பாயில் உட்கார வைத்தாள். அப்படித்தான் ஒன்று இரண்டானது. ஆவடியிலிருந்தும் வந்தார்கள்.

முழுப்பரீட்சை அன்று ஹெட்மாஸ்டர், மகன் பார்த்திராத ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். பையன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தான். நடுவில் இரண்டு இடத்தில் நின்றான். திரும்ப ஆரம்பித்தான். பக்கம் முடிந்தது. டி.சி. பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அடுத்த வருஷம் எங்கள் மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோது உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று வாசலிலேயே நின்றார். தங்கைக்கு அதிலேயே பிடித்துப்போயிற்று.

கடைசியில் மஞ்சள் காமாலை அவளைப் படுக்கவைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் ஒரு சிறுமியின் நோட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

இரத்தம் கொடுத்த என் பட்டறைப் பிள்ளைகளுக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மாவுக்கும், பிற்காலத்தில் என்னைவிட அழகாக எழுத்து வெட்டிக் கொடுத்த பூந்தமல்லி தகரப்பெட்டிக் கடை பாய்க்கும், கடைசிவரை அவள் கையை விடாத மாப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதைச் சொன்னவன் நான். எழுதியவன் என் மூத்த மகன். இப்போது டிராயிங் ஆபீசில் இருக்கிறான். பாதியில் பேனாவை நிறுத்தி, “மெதுவா சொல்லு நைனா, எழுதிக்கினுதானே வர்றேன்” என்றான். இந்த ஊரில் யாருக்காகவும் நான் மெதுவாகப் பேசியது கிடையாது. அவனுக்காகப் பேசினேன். தங்கை அவனோடு பேசிய மாதிரி, ஒரு சொல் சொல்லிவிட்டு, அவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த சொல்லைச் சொன்னேன்.