பாறையடியில் கழற்றி வைத்த சப்பாத்து

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் பயம். தொண்ணூறுகளில் லண்டனிலிருந்து, அவுஸ்திரேலியாவில் ஒரு நாட்டுப்புறச் சிற்றூரில் இருந்த தங்கச்சியிடம் போனபோது, பாம்புக்குப் பயந்து முற்றத்துக்குக்கூடச் சப்பாத்தில்லாமல் இறங்கவில்லை.

பழைய தங்கச் சுரங்கத்தைக் காட்டிவிட்டு, ஊருக்கு வெளியே எல்லோரும் படம் எடுக்கும் பெரிய பாறைக்குக் கூட்டிப்போனாள். அச்சு அசல் யானை முகம்! என்னையறியாமல் சப்பாத்தைக் கழற்றி, பக்கத்தில் உட்காரப் போட்டிருந்த மரவாங்கின் கீழே ஒழுங்காக வைத்துவிட்டு, மூன்று தரம் சுற்றி வந்தேன்.

“அக்கா, அது பிள்ளையார் இல்லை, வெறும் கல்லு!”

“கும்பிட்டால் குறைஞ்சே போயிடுவன்?” என்றபடி சப்பாத்துக்குள் காலை நுழைக்கப் போனேன்.

“ஐயோ, உதறாமல் போடாதேங்கோ!”

அவள் பறித்து உதறினாள். முதுகில் சிவப்புக் கோடு போட்ட கறுப்புச் சிலந்தி ஒன்று விழுந்தது. விஷமாம். குனிந்து பார்த்தேன். அவ்வளவு வடிவு!

இப்போது மனோர் பார்க்கில் கோவில் வாசலிலும் உதறித்தான் போடுகிறேன். “லண்டனில அந்தச் சிலந்தி இல்லையம்மா” என்று மகள் சிரிக்கிறாள்.

எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாங்கின் கீழும் ஒன்றுமில்லை என்றுதானே நினைத்தேன்!