ஐப்பசியில் நட்ட கன்றுகள்

அம்சவேணி மன்னார்குடிக்காரி. எண்பத்தொன்றில் தில்லிக்குப் படிக்க வந்து, கல்லூரி விடுதியில் என் அறையில் சேர்ந்தாள். விடுதிக்குப் பின்னால் கிடந்த கட்டாந்தரையைப் பார்த்ததுமே அவளுக்குக் கை பரபரத்தது. நாலு மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு, மரம் வளர்க்க அந்த இடத்தைக் கேட்டாள். பிரின்ஸிபால் கறாரான பெண்மணி. ஹோலிக்குள் கன்றுகள் பிடித்துக்கொள்ளாவிட்டால் அங்கே ஸ்கூட்டர் ஸ்டாண்ட் வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

நர்சரியில் இலவசமாகக் கிடைத்த வேம்பையும் புங்கையையும் அம்சவேணி ஐப்பசி பிறக்கும்வரை வைத்திருந்து நட்டாள்.

"ஐப்பசின்னா அடைமழைடி. நாம தண்ணியே ஊத்த வேணாம்," என்றாள்.

நான் தில்லியிலேயே, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள்; அப்பாவுக்கு மாற்றலானதால்தான் விடுதியில் இருந்தேன். "அரே, இங்க செப்டம்பரோட மழை முடிஞ்சாச்சு. இனிமே குளிர்தான்," என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். காவிரிப் பக்கத்துக்காரிக்கு மழையைப் பற்றி நான் சொல்வதா? காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மாதம் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு பொட்டு விழவில்லை. கன்றுகள் துவண்டன. வேறொருத்தியாக இருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள். இவளோ துணி அலசிய தண்ணீரை யாரும் கொட்டக்கூடாது என்று அறை அறையாகப் போய்ச் சொன்னாள். ஜனவரிக் குளிரில் பல் தந்தியடிக்க, ஆளுக்கொரு வாளியோடு நடந்தோம். நான் அவளைத் திட்டாத நாளில்லை. ஆனால் வாளியை ஒருநாளும் கீழே வைக்கவில்லை.

ஹோலிக்கு முன்னால் பிரின்ஸிபால் வந்தார். கூடவே கடப்பாரையோடு ஓர் ஆள். பனியில் இலைகள் கருகி உதிர்ந்து, வெறும் குச்சிகள்தான் நின்றன. எல்லாம் செத்துவிட்டது, பிடுங்கு என்று ஆளிடம் இந்தியில் சொன்னார்.

அம்சவேணி குறுக்கே போய் நின்றாள். ஒரு குச்சியின் பட்டையை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை.

"ஜிந்தா ஹை, மேடம்," என்றாள், உயிர் இருக்கிறது என்று. அவளுக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.

பிரின்ஸிபால் நம்பவில்லை. குனிந்து அடுத்த குச்சியைத் தானே கீறிப் பார்த்தார். அதுவும் பச்சை. அதற்கடுத்தது காய்ந்து போயிருந்தது. அதற்கும் அடுத்தது பச்சை. வரிசை முடியும்வரை ஒன்றையும் விடவில்லை. நிமிர்ந்தபோது புடவைக் கரையெல்லாம் மண். கடப்பாரையைப் போட்டுவிட்டு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரும்படி அந்த ஆளிடம் சொன்னார்.

அம்சவேணி அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான்.