ஆர்கானுக்கு நான் பயப்படாத நாள்

1

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கடலூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சிலிண்டர் வரிசையைப் பார்த்ததுமே வாசலில் நின்றுவிட்டேன். இது வெடிக்குமா, அது பற்றுமா என்று ஓனரைக் கேட்டுக் குடைந்தேன். அவர் கடைசியில் நீலச் சிலிண்டரைத் தட்டினார்.

"இது ஆர்கான்ப்பா. எரியாது, வெடிக்காது, எது கூடயும் சேராது. இதுக்குமா பயப்படுவ?"

பயப்படவில்லை. டிக் வெல்டிங்கில் உருகும் உலோகத்தை வெளிக்காற்று தொட்டால் கறுத்துவிடும். ஆர்கான் சுற்றி நின்று காக்கும். தான் மட்டும் எதோடும் ஒட்டாது. ஷெட்டிலேயே நான் கவலைப்படாத ஒரே பொருள் அதுதான்.

2

சிதம்பரம் பக்கம் ஒரு பால் பண்ணையில் ஸ்டீல் டேங்க் வேலை. மேலே ஆள் நுழைய ஒரே ஒரு வாய். வெல்டின் உள்பக்கம் கறுக்காமலிருக்க, ஹோஸ் வழியாக டேங்குக்குள் ஆர்கானை ஓடவிட்டிருந்தோம். சாப்பாட்டுக்குப் போகும்போது மெயின் சுவிட்சை அணைத்தாயிற்றா என்று இரண்டு முறை பார்த்தேன். ஹோஸை மூடவில்லை. வந்து தொடரத்தானே போகிறோம், ஆர்கான்தானே என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வந்ததும் கூட்டாளி சலீம், வெல்டைத் தேய்த்துச் சமமாக்கும் கிரைண்டிங்குக்கு இறங்கத் தயாரானான். யார் டேங்கில் இறங்கினாலும், வழுக்கி விழுந்துவிடுவானோ என்று அக்குளுக்குக் கீழே கயிறு கட்டிவிடுவேன்.

"என்னா மச்சான், கெணத்துலயா எறக்குற? ஒனக்கு பயம் ரொம்ப ஜாஸ்தி" என்றான். பிறகு எங்கள் எல்லோருடைய வழக்கப்படி வாயருகே குனிந்து மோந்து பார்த்தான். "ஒரு வாடையும் இல்ல. சுத்தமா இருக்கு."

இறங்கினான். கிரைண்டர் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அடியில் மடங்கிக் கிடக்கிறான். இருமக்கூட இல்லை.

பக்கத்தில் நின்ற பண்ணை ஃபிட்டர் ஏணியில் கால் வைத்துவிட்டார். "வுடுப்பா, தூக்கிட்டு வந்துடறேன்!"

"எறங்காதீங்கண்ணே! கயித்தப் புடிங்க!"

விஷயம் தெரிந்து அவரைத் தடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். உள்ளே போகவே எனக்குப் பயம். இருவரும் இழுத்தோம். மேலே வந்தபோது சலீமின் உதடு நீலம் பாரித்திருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்து, பேர் சொல்லிக் கத்தினேன். ஒரு பெரிய மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து, "சோறு தின்ன மயக்கமா மச்சான்?" என்றான். அவன் அக்குளிலிருந்த கயிற்றை அவிழ்த்தேன்.

3

மறுநாள் கேஸ் கம்பெனி ஆள் வந்து ஹோஸைக் காட்டிச் சொன்னார்: "ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் எல்லாம் மந்த வாயு, ஒரே குடும்பம். நெறம் இல்ல, வாசன இல்ல, லேசுல எதுகூடயும் சேராது. ஆர்கான் காத்த வுட கனம். அடியில தேங்கிக் காத்த மேல தள்ளிடும். மூச்சு இழுத்தாலும் ஆக்சிஜன் இருக்காது, ஒடம்புக்கு அந்த வித்தியாசமே தெரியாது. மோந்து பாக்காதீங்க, ஆக்சிஜன் மீட்டர் எறக்கிப் பாருங்க."

எது எரியும், எது வெடிக்கும் என்றுதான் அதுவரை பயந்திருந்தேன். எதையும் செய்யாத ஒன்றும் ஆளைக் கொல்லும் என்று தெரியாது.

இப்போது சாப்பாட்டு நேரத்தில் சிலிண்டரை மூடி, சாவியை என் பையில் போட்டுக்கொள்கிறேன். இறங்கும் முன் மீட்டர் இறங்குகிறது. சலீம் என்னைக் கிண்டல் செய்வதை விடவில்லை. ஆனால் டேங்க் பக்கம் போனதும், நான் சொல்லாமலே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கயிற்றுக்கு நிற்கிறான்.