சமுத்திரத்தின் கிளட்ச்

சமுத்திரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரத்துக்கு மினிபஸ் ஓட்டுகிறார். வேறு வேலை அவருக்குத் தெரியாது. கிளட்ச் மிதியில் காலைப் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. "ஏலே, அது என்ன கால் நீட்டுத பலகையா?" என்று எத்தனையோ இளவட்டங்களை வைதிருக்கிறார்.

இந்த வருடம் அவர் வண்டியிலேயே கிளட்ச் பிளேட் திரும்பத் திரும்பக் கருகியது. வாங்கிப் போட்ட பிளேட் மட்டமான சரக்கு என்று கத்தினார். ராஜபாளையத்து மெக்கானிக் பொன்னுராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணாச்சி, மிதி முழுசா மேல வரலைன்னா பிளேட்டு வழுக்கிக்கிட்டே ஓடும். அந்தச் சூட்டுலதான் கருகுது. காலை எடுத்துட்டு ஓட்டுங்க."

"எனக்கே சொல்லிக் குடுக்கியா?" என்று சண்டை போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை, டீக்கடையிலிருந்து வண்டிக்கு நடந்தவரின் பின்னாலேயே கண்டக்டர் கௌதம்ராஜ் ஓடி வந்தான். "அண்ணே, இடது செருப்பை வழியிலேயே விட்டுட்டு வாரிய." சர்க்கரை வியாதிக்காரரான அவருக்கு அது கழன்றதே தெரியவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஊரைத் தாண்டியதும் கருகல் வாடை வந்தது. குனிந்து பார்த்தார். இடது கால் மிதியின் மேல் கிடந்தது. எடுத்துக் கீழே வைத்தார். செத்த நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் அங்கேயே கிடந்தது. அது ஏறியதும் தெரியவில்லை, அழுத்துவதும் தெரியவில்லை.

வண்டி நிறைய ஆட்கள். காலைப் பார்த்துக்கொண்டே ரோட்டைப் பார்க்க முடியாது. ஓரமாக நிறுத்திச் சாவியை எடுத்தார்.

"பிளேட்டு மறுபடியும் மட்டமாண்ணே?" என்றான் கௌதம்ராஜ்.

"பிளேட்டு நல்ல பிளேட்டுதாம்லே," என்றார் சமுத்திரம்.