கிருத்திகைக்கு மறுநாள்

தமயந்தியின் வயிற்றில் புண் என்று அரக்கோணத்து டாக்டரம்மா கண்டுபிடிப்பதற்கு முன்பே, அந்த வயிற்றைப் பற்றித் திருத்தணியில் அவள் தெருவில் ஆளுக்கொரு தீர்ப்பு இருந்தது. வாயு என்றார்கள். சூடு என்றார்கள். வேலைக்குச் சோம்பிக்கொண்டு வயிற்றைப் பிடிக்கிறாள் என்று மாமியார் ஜெயம்மாள் சொன்னாள். புருஷன் கோதண்டபாணியின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது தமயந்தியின் வேலை. ஒரு கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டு, நூல் பிடிக்கவேண்டிய மறு கையால் நெஞ்சுக்குழிக்குக் கீழே அழுத்திக்கொள்வாள். நூல் அறுந்துபோகும். நூல் அறுந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. கை எங்கே போனது என்பது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம், அவளுக்கு முப்பது வயது நடக்கும்போது, ஒருவழியாக ரயிலேற்றி அரக்கோணத்துக்குக் கூட்டிப்போனார்கள். சுண்ணாம்பைக் கரைத்தது போன்ற எதையோ குடிக்கவைத்துப் படம் பிடித்தார்கள்.

"காரம், புளி ஆகாது. வெறும் வயித்துல காபி ஆகாது. எல்லாத்தையும்விட முக்கியம், வயித்தைக் காலியாப் போடக்கூடாது. மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சமாவது சாப்பிடணும்" என்றாள் டாக்டரம்மா. "இது ஒரு வாரத்துல ஓடிப்போற சமாச்சாரம் இல்லம்மா. இதோட பழகி இருக்கணும்."

குலுக்கிக் குடிக்கும்படி ஒரு வெள்ளை மருந்து கொடுத்தார்கள். புதினா வாசனை அடிக்கும். அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து என்றால் கஷ்டம். பெண்பிள்ளை கஷ்டப்படுவதில் அந்த வீட்டில் யாருக்கும் ஆட்சேபம் கிடையாது. சோறுதான் சிக்கலாகிவிட்டது. தறிக்குழியிலிருந்து ஆம்பிளை எழுந்து வந்து சாப்பிட்டு முடிக்காமல் பெண்கள் தட்டைத் தொடக்கூடாது என்பது அங்கே வழக்கம். மிளகாய்த் தொக்கும் புளிச்சக்கீரையும் மணக்கும் அந்தச் சமையலறையில் காலை பத்து மணிக்கு ஒருத்தி மூலையில் உட்கார்ந்து குழைந்த மோர்ச்சோறு சாப்பிட்டாள். வீடு கிடுகிடுத்துப் போயிற்று.

"எங்க வீட்டு மகாராணி பொழுதன்னிக்கும் துன்னுகினே கீறா. புள்ள பட்டினியா நெய்துகினு கீறான்" என்று ஜெயம்மாள் வாசலில் நின்று எதிர்வீட்டுப் பாஞ்சாலியிடம் முறையிட்டாள்.

"வயித்துல புண்ணா, பள்ளமா? எவ்ளோ போட்டாலும் ரொம்ப மாட்டேங்குதே!" என்று பாஞ்சாலி சிரித்தாள்.

கோதண்டபாணி காதில் எல்லாம் விழுந்தது. தறியில் நாடா ஓடும் சத்தம் மட்டும் கொஞ்சம் வேகமாயிற்று. அவனை நல்லவன் என்றுதான் ஊரில் சொல்வார்கள். வாயைத் திறக்காதவனுக்கு அந்தப் பெயர் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். தொக்கை விட்டாள், காபியை விட்டாள். தனிச் சட்டியில் மிளகாய் இல்லாமல் கூட்டு வைத்துக்கொண்டாள். எரிச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் பழைய நெருப்பு திரும்பி வந்தது. அது கிருத்திகைக்கு மறுநாள்.

காரணம், ஜெயம்மாள் மலையேறிப் போய் முருகனிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். 'என் மருமகளுக்கு வயிறு சரியாவட்டும், அவ கிருத்திகைக்குக் கிருத்திகை பட்டினி இருப்பா.' மருமகளிடம் அவள் இதைக் கேட்கவில்லை. வேண்டிவிட்டு வந்து சொன்னாள். கேட்டுச் செய்கிற பழக்கம் அந்தத் தெருவில் எவருக்கும் இல்லை. சாமியிடம் கொடுத்த வாக்கு. அந்த மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு கிருத்திகை விரதம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்? தமயந்தி பட்டினி கிடந்தாள். மறுநாள் சுருண்டு படுத்தாள்.

"விரதத்துல எங்கியோ குறை வச்சிட்டே. அதான் சாமி சோதிக்கிறாரு" என்றாள் ஜெயம்மாள்.

அடுத்த கிருத்திகைக்குப் பச்சைத் தண்ணீரும் கூடாது என்றாயிற்று. வலி முன்னைவிட அதிகமானது. அதற்கடுத்த கிருத்திகைக்கு, மருந்தும் வாயில் போடுகிற வஸ்துதானே என்று ஜெயம்மாள் புட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். வயிறு நோகிறது என்று பட்டினி. பட்டினியால் வயிறு நோகிறது. நோவதால் இன்னும் கடுமையான பட்டினி. இதில் ஒரு கோளாறு இருப்பதாக அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனி மாதக் கிருத்திகைக்கு மறுநாள் தமயந்தி வாந்தி எடுத்தாள். காபித்தூளைக் கரைத்துக் கொட்டியதுபோல் இருந்தது. கோதண்டபாணி அன்றைக்குத்தான் தறியை விட்டுத் தானாக எழுந்து, அவளை அரக்கோணத்துக்குக் கூட்டிப்போனான்.

"நேத்து என்ன சாப்பிட்டே?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"ஒண்ணும் இல்லீங்க. கிருத்திகை."

"இதுக்கு முன்னாடி எப்போ வலிச்சுது?"

"அதுவும் கிருத்திகைக்கு மறுநாளுங்க."

டாக்டரம்மா அவளைப் பார்க்கவில்லை, கோதண்டபாணியைப் பார்த்தாள். "இது ரத்தம். உள்ளே கசிஞ்ச ரத்தம். இன்னொரு தரம் பட்டினி போட்டீங்கன்னா, இங்கே கூட்டிகிட்டு வர வேலையே இருக்காது. புரியுதா?"

"ஆங், புரியுதுங்க" என்றான் அவன்.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்தப் புரிதல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஜெயம்மாள் பூக்காவடிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். "ஆடிக் கிருத்திகை ஒண்ணு மட்டும் இருந்துடட்டும்டா. அவ காவடி எடுப்பான்னு வேற வேண்டிக்கினு கீறேன். அதோட விட்டுடலாம்" என்றாள். கோதண்டபாணி தலையையும் ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை. தமயந்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் அல்ல, அதற்கும் மேலே எங்கோ எரிந்தது.

ஆடிக் கிருத்திகை விடிந்தது. பள்ளிப்பட்டிலிருந்து நாத்தனார் சுலோச்சனா குடும்பத்தோடு வந்திருந்தாள். கூடம் நிறைய ஜனம், நடுவில் பூச்சுற்றிய காவடி. தெருவில் அரோகரா சத்தம். தமயந்தி தலைக்குக் குளித்து மஞ்சள் புடவை கட்டி வந்தாள். நேராகச் சமையலறைக்குப் போனாள். மோர்ச்சோற்றுக் கிண்ணத்தோடு வந்து, மூலைக்குப் போகாமல், கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள். சாப்பிட ஆரம்பித்தாள்.

"ஐயையோ முருகா! காவடிக்கு முன்னாடி எச்சில் பண்றாளே!" என்று ஜெயம்மாள் அலறினாள்.

"வேண்டிக்கினது யாரு அத்தை?"

"நாந்தான். யாருக்காவ? உனுக்காவத்தானேடி!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்க வாயால வேண்டிக்கினீங்க. உங்க வயித்தால செலுத்துங்க. இது என் வயிறு."

"தமயந்தி..." என்று இழுத்தான் கோதண்டபாணி.

"நீங்க சும்மா இருங்க. இத்தினி நாளா சும்மாத்தானே இருந்தீங்க."

சுலோச்சனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தமயந்தி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள், மருந்தைக் குலுக்கிக் குடித்தாள், கை கழுவினாள். காவடியைத் தொடவில்லை.

வேண்டிய காவடியைக் கூடத்திலேயே விட்டுவைக்க முடியுமா? அத்தனை சொந்தங்கள் பார்த்திருக்க, ஜெயம்மாள்தான் அதைத் தோளில் எடுத்தாள். எத்தனையோ பேருக்காக எத்தனையோ விரதங்கள் வேண்டியவள். தான் மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை, தலை சுற்றும் என்பாள். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் படாமல் நெரிசலில் படியேறி, வெயிலில் வரிசையில் நின்று, சாயங்காலம் உதடு வெடித்து வந்து சேர்ந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எரியுதுடி" என்றாள்.

தமயந்தி அந்தக் கையைப் பார்த்தாள். தட்டு வைத்து மோர்ச்சோறு போட்டாள்.

"அவன் இன்னும் துன்னலியே" என்றாள் ஜெயம்மாள்.

"அவரு இருப்பாரு. நீங்க துன்னுங்க."

ஜெயம்மாள் ஒரு நிமிஷம் மகனைப் பார்த்தாள். பிறகு குனிந்து சாப்பிட்டாள். அந்த வீட்டில் மகனுக்கு முன்னால் அவள் கை தட்டில் பட்டது அதுதான் முதல் தடவை. கோதண்டபாணி கைகழுவிவிட்டு வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான்.

தமயந்திக்கு இரக்கம் ஒன்றும் வந்துவிடவில்லை. இன்னொரு கரண்டி மோரை மாமியார் தட்டில் ஊற்றிவிட்டு, அவளுக்கும் ஒரு வாய் கொடுக்கத் தன்னுடைய புட்டியை எடுத்துக் குலுக்கினாள்.