ஜீவனாம்சத்துக்கு அடிபட்ட லாரி

மனைவி ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்டால், புருஷனின் லாரியை ஏலம் விட்டு அவளிடம் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினேன். எனக்குச் சட்டம் சொன்னவன், துறைமுக வாசலில் லோடுக்காக எனக்கு முன்னால் நின்ற டிரைவர். டீ ஆறுவதற்குள் சட்டம் முழுவதையும் சொல்லி முடித்துவிடுவான்.

என்னிடம் இருந்தது ஒரே லாரி. என் கோபத்தோடு குடித்தனம் பண்ண முடியாது என்று என் மனைவி புதுக்கோட்டையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் சொன்னது சரிதான் என்று ஊருக்கே காட்டுவதைப் போல, ஜீவனாம்சம் கேட்டு அவள் போட்ட வழக்கின் நோட்டீஸ் வந்த மத்தியானமே ஒரு முடிவுக்கு வந்தேன். ஓடாத லாரியை எவன் ஏலம் எடுப்பான்? கடலில் தள்ளிவிடலாமா என்றும் யோசித்தேன். காலையில்தான் டீசல் நிரப்பியிருந்தேன், மனசு வரவில்லை.

லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில், எல்லோரும் பார்க்க, வீல் ஸ்பேனரை எடுத்தேன். முதல் அடியில் ஹெட்லைட் போயிற்று. அடுத்ததில் முன்கண்ணாடி முழுக்க விரிசல் ஓடியது. கதவுக் கண்ணாடி நொறுங்கி என் சட்டைக்குள் கொட்டியது. தடுக்க வந்த சட்ட நிபுணனின் மூக்கில் என் முழங்கை இறங்கியது.

“ஏலே, சும்மா பேச்சுக்குச் சொன்னம்ல,” என்றான், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

“அப்போ டயரையும் பாத்துக்கோ,” என்று ஓங்கி அடித்தேன். டயர் அந்த அடியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்பேனர் துள்ளி வந்து என் வாயில் மோத, முன்பல் ஒன்று மண்ணில் கிடந்தது.

குடும்ப நல நீதிமன்றத்தில் வீங்கிய வாயோடு நின்று, லாரி ஓடவில்லை, வருமானம் இல்லை என்றேன். நீதிபதி அம்மா நான் நீட்டிய லாரிப் படத்தைப் பார்த்தார்.

“யார் உடைச்சது?”

பல் போன இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

“இவருதாம்மா,” என்றாள் மனைவி.

“இவ்வளவு அடிக்கத் தெம்பு இருக்கு. வண்டி ஓட்டவும் இருக்கும். வேலை பார்த்து மாசாமாசம் குடுங்க,” என்றார் நீதிபதி.

வெளியே வந்ததும் அவளிடமே கேட்டேன்: “இனி லாரிய ஏலம் விடுவாவளா?”

“ஒம்ம லாரிய யாரு கேட்டா? சோத்துக்கும் வீட்டு வாடகைக்கும்தான கேட்டேன்,” என்றாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். “பல்ல எங்கன போட்டீரு?”

லாரி இன்னும் ஷெட்டில் நிற்கிறது. நான் வேறொருவரின் லாரியை ஓட்டுகிறேன். சம்பளத்தில் ஒரு பங்கு மாதம் பிறந்ததும் அவள் வங்கிக் கணக்குக்குப் போகிறது.