தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கி

வேலூர் பஜாரில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்கிறார்கள். அவர் ஸ்கூல் வாத்தியார். கடை என் அப்பா வைத்தது. அவர் போனபிறகு லைசென்ஸ் என் பேருக்கு மாறியது. கல்லாவில் நான் உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே வருகிறவன் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஓனர் இல்லியா?" என்பான். "இருக்காங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் ஃபேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவனாகவே புரிந்துகொள்வான். இந்த அற்ப சந்தோஷம் மட்டும் இல்லையென்றால் கடையை எப்போதோ மூடியிருப்பேன்.

மற்ற கடைகளில் ஆள் வந்தால் "வாங்க, இன்னா வேணும்" என்பார்கள். எங்கள் தொழிலில் முதல் பேச்சே "லைசென்ஸ் புக் எடுங்க" என்பதுதான். அதைப் பார்த்தபிறகுதான் வாங்க என்கிற மரியாதையெல்லாம். புக் இல்லாதவனுக்கு ஒரு தோட்டாவைக் கையில் கொடுத்துக் காட்டக்கூட மாட்டேன். இதனால் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பேர். இருக்கட்டும். சிரித்துப் பேசித் துப்பாக்கி விற்கிறவனை நீங்கள்தான் சந்தேகப்பட வேண்டும்.

சினிமாவில் வருகிற மாதிரி சுவர் முழுக்கத் துப்பாக்கி மாட்டிய கடை இல்லை இது. இரண்டு கண்ணாடி பீரோ, உள்ளே ஒரு இரும்புக் கதவு போட்ட அறை. குரங்கு விரட்டுகிற ஏர்கன், பேங்க் செக்யூரிட்டி கொண்டுவரும் ரிப்பேர், கொஞ்சம் தோட்டா, இதுதான் வியாபாரம். புது லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வருகிற ஆம்பளைகளைப் பார்க்க வேண்டுமே. துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் குழலைப் பார்க்க மாட்டார்கள். தூக்கித் தோளில் வைத்து பீரோக் கண்ணாடியில் தங்களைத்தான் பார்ப்பார்கள். நான் ஒரு விரலால் அதன் வாயைத் தரைப்பக்கம் தள்ளிவிடுவேன். "காலிதானே மேடம்" என்று முகம் சுளிப்பார்கள். காலி என்று நினைத்துத்தான் எல்லோரும் சுடுகிறார்கள் என்பேன்.

அதிலும் ஆம்பூர் பக்கத்துத் தோல் ஃபேக்டரி முதலாளி ஒருவர் எனக்கு நிரந்தர வாடிக்கை. பிஸ்டல் லைசென்ஸ். என் கடைக்கு வந்த இத்தனை வருஷத்தில் பெட்டித் தோட்டாவில் பாதி கூட அவர் தீர்க்கவில்லை. உறை மட்டும் வருஷத்துக்கு ஒன்று மாற்றுவார். ஊருக்கெல்லாம் தோல் பதனிட்டு அனுப்புகிற மனுஷன், பிஸ்டல் உறை வாங்க என்னிடம் வந்து, "லெதர் குவாலிட்டி சரியில்ல மேடம்" என்று மோந்து பார்ப்பார். நல்ல மனுஷன்தான், கெடுதல் சொல்ல மாட்டேன். அவருக்கு அது இடுப்பில் கட்டுகிற அந்தஸ்து.

இன்னொரு வாடிக்கை பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்து விவசாயி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுக்கிற லைசென்ஸ், ஒற்றைக்குழல் துப்பாக்கி. காட்டுப் பன்றியைச் சுடக்கூடாது, வானத்தைப் பார்த்துச் சுட்டுச் சத்தம் காட்டலாம் என்பது சட்டம். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஆளை நான் பார்த்தது இவர் ஒருவரைத்தான். "பன்னி செத்தா எனக்கு இன்னா லாபம் மேடம், ஓடிப்போனா போதும்" என்பார். டவுன் பஸ்ஸில் துப்பாக்கியை யூரியா சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார். கண்டக்டர் மண்வெட்டி என்று நினைத்து லக்கேஜ் போட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வந்தால் உடனே போக மாட்டார். மழை, கடலை, மோட்டார், மூன்றையும் பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். எனக்கும் அவர் வந்தால் பொழுது போகும்.

தேர்தல் அறிவித்தால் எங்கள் கடை கடையாக இருக்காது, குடோன் ஆகிவிடும். லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கலாம், இல்லை என்னை மாதிரி டீலரிடம் கொடுக்கலாம். ஸ்டேஷனில் மூலையில் போட்டு வைப்பார்கள், துரு ஏறும். அதனால் துப்பாக்கி மேல் அக்கறை உள்ளவர்கள் என்னிடம் வருவார்கள். ஓட்டு எண்ணி முடித்து, எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வரும்வரை அந்த இரும்புக் கதவுக்குள்தான் எல்லாம். யாருக்கு அவசியம் வேண்டுமோ அவர்கள் கலெக்டர் ஆபீசில் மனு போட்டால், ஒரு கமிட்டி உட்கார்ந்து விலக்குக் கொடுக்கும்.

அந்த முறை தேர்தல் சரியாகக் கடலை முற்றுகிற நேரத்தில் வந்து தொலைத்தது. விவசாயி சாக்கோடு வந்து நின்றார். முகத்தில் சிரிப்பில்லை.

"இதக் குடுத்துட்டு நான் இன்னா மேடம் பண்றது? கடல காய் புடிச்சி நிக்குது. ஒரு ராத்திரி விட்டா போதும், மொத்தமும் தோண்டிட்டுப் போய்டும்."

துப்பாக்கியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, மனு போடலாம் என்றேன். நானே எழுதிக் கொடுத்தேன். எங்கே ஜெராக்ஸ் எடுப்பது, எந்த ஜன்னலில் கொடுப்பது என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கடலைதான் அவருடைய அந்த வருஷம் மொத்தமும். அது கைக்கு வந்தால்தான் அடுத்த விதைப்பு, மகள் காலேஜ், வீட்டுச் சோறு எல்லாமே. அதையும் மனுவில் எழுதினேன். எழுதும்போதே எனக்குத் தெரியும், இதையெல்லாம் எவன் படிக்கப்போகிறான் என்று.

கொஞ்ச நாள் கழித்துக் காலிச் சாக்கோடு மறுபடியும் வந்தார். பதில் எதுவும் வரவில்லை. பன்றி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவர் என் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஆம்பூர்க்காரர் உள்ளே வந்தார். இடுப்பில் பிஸ்டல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தேர்தல் நேரத்தில் இதோடு எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்டேன். விலக்குக் கிடைத்துவிட்டதாம். உயிருக்கு ஆபத்து என்று மனு போட்டாராம், கமிட்டி ஒத்துக்கொண்டதாம். உறை லூசாக இருக்கிறது, வேறு காட்டுங்கள் என்றார். காட்டினேன். வழக்கம்போல மோந்து பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார்.

அவர் கார் கிளம்பும்வரை விவசாயி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு யாரு மேடம் எதிரி?"

"எனக்குத் தெரியாது."

"எனக்கு எதிரி யாருன்னு ஊருக்கே தெரியும். தெனம் ராத்திரி வந்துக்கினு கீது."

எனக்குக் கோபம் வந்தது. அந்த முதலாளி மேல் இல்லை, விலக்குக் கொடுத்தவர்கள் மேல். பேங்க் வாசலில் நிற்கிறவனுக்கு விலக்கு, நகைக்கடை வாசலில் நிற்கிறவனுக்கு விலக்கு. நகைக்கு ஆபத்து வரலாம், நோட்டுக்கு ஆபத்து வரலாம், கடலைக்கு மட்டும் ஒன்றும் வராது என்று எந்த அறிவாளி முடிவு செய்தான்? அந்தக் கமிட்டியில் உட்கார்ந்தவர்களும் சாயங்காலம் வேர்க்கடலை கொறித்திருப்பார்கள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் மெதுவாகக் கேட்டார். "கடல புடுங்கற வரிக்கும் மட்டும் குடுங்க மேடம். அப்புறம் நானே கொண்டாந்து வச்சிடறேன். யாருக்குத் தெரியப்போவுது."

கொடுக்க முடியாது. கொடுத்தால் அவரும் உள்ளே, நானும் உள்ளே, கடைக்கு சீல். அதை அவருக்குச் சொன்னேன். அவருக்கும் தெரியும், கேட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். பட்டாசு வெடியுங்கள் என்றேன். பன்றிக்குப் பழகிவிட்டது என்றார். வேலியில் பழைய புடவை கட்டுங்கள் என்றேன். "எம் பொண்டாட்டி கட்டறதுக்கே புடவ இல்லாத அளவுக்குக் கட்டியாச்சு" என்றார். பக்கத்துக் கொல்லைக்காரன் கம்பி இழுத்துக் கரண்ட் விட்டிருக்கிறானாம், அவன் பயிர் அப்படியே நிற்கிறதாம்.

"அந்த வேலை மட்டும் வச்சிக்காதீங்க. மாட்டினா நேரா ஜெயில்தான்" என்றேன்.

"ஜெயிலு இதோ பக்கத்துலதானே கீது, நீங்க வந்து பாத்துட்டுப் போலாம்" என்று சிரித்தார். பழைய சிரிப்பு வந்துவிட்டதே என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஓட்டு எண்ணி முடித்தார்கள், யாரோ ஜெயித்தார்கள். உத்தரவு வந்தது. துப்பாக்கிக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் கடையில் வந்து விழுந்தார்கள். கொடுக்கும்போது பவ்யமாகக் கொடுத்தவர்கள் எடுக்கும்போது மாமியார் ஆகிவிடுவார்கள். இந்தக் கீறல் முன்னால் இல்லை, இந்த வார் என்னுடையது இல்லை என்று ஒரே பேஜார். கொண்டுவந்த அன்று எடுத்த போட்டோவை ஒவ்வொருவருக்கும் காட்டிக் காட்டி என் தொண்டை வறண்டுவிட்டது.

கூட்டம் ஓய்ந்த பிறகும் அந்த ஒற்றைக்குழல் மட்டும் உள்ளே நின்றது. வராதவர்களுக்குப் போன் பண்ணிச் சொல்வது எங்கள் வழக்கம். பண்ணினேன். ஒரு பெண் குரல் எடுத்தது. கடையிலிருந்து பேசுகிறேன், துப்பாக்கியை வந்து எடுத்துக்கச் சொல்லுங்க என்றேன்.

"அவரு செத்துப்போய்ட்டாரு மேடம். கரண்ட்டு கம்பில."

அவர் மனைவி. அழவில்லை. பலபேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். அவரும் கடைசியில் கம்பி இழுத்திருக்கிறார். ராத்திரி கரண்ட் விடுவது, விடிவதற்குள் கம்பியைச் சுருட்டிவிடுவது. அன்றைக்கு ராத்திரி மழை, கரண்ட் போய்விட்டது. விடியற்காலையில் வந்து பார்த்திருக்கிறார், மோட்டார் ரூம் பல்பு எரியவில்லை. கரண்ட் இல்லை என்று நினைத்து ஸ்விட்சைக் கூடத் தொடாமல் நேராகக் கொல்லைக்குப் போய்க் கம்பியில் கை வைத்திருக்கிறார். பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தது. மும்முனை கரண்ட் எப்போதோ திரும்பி வந்துவிட்டிருக்கிறது.

போனை வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். தேர்தலில் யாரும் யாரையும் சுட்டுவிடக்கூடாது என்று வாங்கி வைத்த துப்பாக்கி. யாரும் சுடவில்லை. அமைதியாகத் தேர்தல் நடந்தது என்று டிவியில் சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் அந்த அம்மாவே கடைக்கு வந்தார்கள். கையில் அதே யூரியா சாக்கு. ஓனர் இல்லையா என்று கேட்கவில்லை, நேராக என்னைப் பார்த்து, "நீங்கதானே மேடம்? உங்களப் பத்தி ரொம்ப சொல்வாரு" என்றார்கள். மறுபடியும் விதைத்திருக்கிறார்களாம். பன்றி மறுபடியும் வருகிறதாம். கம்பியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. துப்பாக்கி வேண்டும்.

லைசென்ஸ் அவர் பேரில் இருந்தது, அவரோடு அது முடிந்தது என்று சொல்ல வேண்டியது நான். வாரிசு என்று மனு போட வேண்டும், போலீஸ் விசாரிக்கும், கலெக்டர் ஆபீஸ் முடிவு பண்ணும், அதுவரை இங்கேதான் இருக்கும் என்றேன். இத்தனை வருஷம் எத்தனையோ பேரிடம் வெடுக்கென்று சொன்ன அதே வார்த்தைகளை அன்றைக்கு மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"முன்னாடி ஒரு மனு போட்டாரே, அது இன்னா ஆச்சி மேடம்?"

"பதில் வரல."

சண்டை போடவில்லை. "துப்பாக்கிய ஒரு தபா பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்கள்.

கொண்டுவந்து கவுண்டரில் வைத்தேன். கட்டையை ஒரு முறை தடவினார்கள். குழலை ஓரத்திலிருந்து ஓரம்வரை விரலால் தொட்டுக்கொண்டே போய், விரலைத் திருப்பிப் பார்த்தார்கள். எண்ணெய் மினுமினுத்தது.

"ஊட்ல இருந்தா மழைக்காலத்துல துரு புடிச்சிக்கும். இங்க பொட்டுத் துரு இல்ல. நல்லா பாத்துக்கினீங்க மேடம்."

குத்திக் காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், வாய் எனக்கு ஜாஸ்தி. அவர்கள் நிஜமாகவே பாராட்டினார்கள். பாராட்டிவிட்டுக் காலிச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள்.